இரு துளி மருந்தும் ஒரு சொல்லும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் இலக்கியம் பேசப்படுவதே மரபு. இவ்வாண்டு செயலாளர் அவர்கள் என்னை அணுகி, மக்கள் நல்வாழ்வைப் பற்றிச் சிறிது பேசவேண்டும் என்று பணித்தார்கள். நான் மருத்துவம் கற்றவள் அல்லேன். இக்குடியிருப்பின் பள்ளியில் முப்பதாண்டுகளுக்கு மேல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆயினும், நம் குடியிருப்பின் வாயிலருகே மேசையிட்டு அமர்ந்து, பல ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து ஊட்டிய அனுபவம் எனக்கு உண்டு. அந்த மேசை எனக்குக் கற்பித்த பாடத்தையே இன்று உங்கள் முன் வைக்க விழைகின்றேன். அதில் என் பிழை ஒன்றும் அடங்கும். அதனையும் மறையாது சொல்வேன்.

முதற்கண் என் தம்பியைப் பற்றிக் கூறவேண்டும். 1963-ஆம் ஆண்டில் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நாங்கள் வாழ்ந்தோம். தம்பிக்கு அப்போது மூன்று வயது. எனக்கு எட்டு வயது. ஓரிரவு அவனுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் காய்ச்சல் தணிந்தது, வீட்டார் மகிழ்ந்தனர். ஆனால் எழுப்பி நிறுத்தியபோது அவனுடைய வலக்கால் தரையில் ஊன்றவில்லை. அம்மா அவனை இடுப்பில் சுமந்துகொண்டு வைத்தியர் வீட்டிற்கும் கோயிலுக்கும் நடந்த நடைக்கு அளவில்லை. இளம்பிள்ளை வாதம் என்ற பெயர் எங்களுக்குத் தெரிந்தது. அதனைத் தடுக்க வழி உண்டு என்பது மட்டும் தெரியவில்லை.

அந்நாளில் மருந்து இல்லாமலா போயிற்று? இருந்தது! ஜோனஸ் சால்க் கண்ட தடுப்பூசி 1955-லேயே அமெரிக்காவில் வழக்கிற்கு வந்துவிட்டது. ஆல்பர்ட் சேபின் கண்ட வாய்வழிச் சொட்டு மருந்து 1960-களின் தொடக்கத்தில் பல நாடுகளில் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்டது. நம் நாட்டின் தேசியத் தடுப்பு மருந்துத் திட்டத்தில் போலியோ மருந்து சேர்ந்ததோ 1979-ல். என் தம்பியின் காலுக்கும் அந்த ஆண்டுக்கும் இடையே பதினாறு ஆண்டுகள். மருந்து கண்டுபிடிப்பது அறிஞர் செயல். அது சிற்றூர்த் திண்ணை வரை வந்து சேர்வது அரசின் கொள்கை. முன்னது நிகழ்ந்து பின்னது நிகழாத இடைவெளியில்தான் என் தம்பியைப் போன்றோர் கால் இழந்தனர்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்றே ஓர் அதிகாரம் வகுத்தார் என்பதை நீங்கள் அறிவீர்கள். அதன் இறுதியில், மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்கிறார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து உதவுபவன் என்பன அவை. பிள்ளைகளுக்கு இக்குறளைப் பலமுறை கற்பித்திருக்கின்றேன். ஆயினும் அந்த நான்காமவன் எதற்கு என்பது, சொட்டு மருந்து மேசையில் அமர்ந்த பின்னரே எனக்கு விளங்கிற்று.

அன்பர்களே! இந்நோயின் இயல்பைச் சற்றே நோக்குவோம். போலியோ நுண்கிருமி வாய்வழியே புகுந்து குடலில் பெருகி, மலத்தின் வழியே வெளியேறி, மாசுபட்ட நீராலும் கையாலும் மற்றொரு குழந்தையின் வாயை அடைகிறது. கிருமி தொற்றிய ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கே கைகால் விளங்காமற் போகும். எஞ்சியோர் நலமாகவே தோன்றுவர். ஆனால் நோயைப் பரப்புவர். ஆதலால் கால் ஊன்றாத ஒரு குழந்தையை நாம் காணும்போது, அக்கிருமி அதற்கு முன்பே எத்தனையோ வீடுகளுக்குள் சென்று வந்திருக்கும். மதிலைக் கட்டி இந்நோயைத் தடுக்க இயலாது. நம் குடியிருப்பின் மதிலும் இதற்கு விலக்கன்று.

ஒரே நாளில் ஊரிலுள்ள சிறு பிள்ளைகள் அனைவருக்கும் மருந்து கொடுத்தால், கிருமிக்குத் தங்குமிடம் கிடைக்காது என்னும் கருத்து நம் தமிழ் மண்ணிலேயே செயல் வடிவம் பெற்றது. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் நுண்கிருமியியல் அறிஞர் டி. ஜேக்கப் ஜான் அவர்கள், ரோட்டரி சங்கத்தின் துணையோடு 1981-ல் வேலூர் நகரில் இம்முறையைத் தொடங்கிப் பயன் கண்டார். உலகிலிருந்தே போலியோவை ஒழிப்பது என்று உலக நலவாழ்வுப் பேரவை தீர்மானித்தது 1988-ல். டில்லி அரசு 1994-ஆம் ஆண்டு காந்தி பிறந்த நாளன்று தலைநகர்ப் பிள்ளைகளுக்கு ஒரே நாளில் சொட்டு மருந்து வழங்கிற்று. 1995 டிசம்பரில் அது நாடு முழுவதற்குமான திட்டமாயிற்று.

அந்த டிசம்பரில்தான் நம் குடியிருப்பின் வாயிலருகே முதல் மேசை போடப்பட்டது. மஞ்சள் பதாகை, பனிக்கட்டி நிரப்பிய பெட்டி, சிறு குப்பிகள், விரலில் இடும் மை ஆகியவை வந்தன. நம் சங்கத்துப் பெண்மணிகள் சிலரும் நானும் முறைவைத்து அமர்ந்தோம். வாழ்வுக்கு இரு துளிகள் என்று பொருள்படும் இந்தி முழக்கம் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலித்தது. திருவிழாப் போன்றே இருந்தது. ஆண்டுகள் சில கழிந்தால் நோய் ஒழிந்துவிடும் என்று நம்பினோம்.

அவ்வாறு நிகழவில்லை. 2002-ல் நாட்டில் 1,600 பிள்ளைகளைப் போலியோ முடக்கியது. அவர்களில் பெரும்பாலோர் நாம் வாழும் இந்த உத்தரப் பிரதேசத்தினர். மேசை இருந்தது, மருந்து இருந்தது, முழக்கமும் இருந்தது. ஆயினும் கதவுகள் பல மூடிக் கிடந்தன.

மேசைக்கு வாராத பிள்ளைகளைத் தேடி, மறுநாள் முதல் வீடுவீடாகச் செல்வது வழக்கம். பிள்ளைகள் அனைவரும் மருந்து உண்ட வீட்டின் கதவில் ‘பி’ என்னும் ஆங்கில எழுத்தைச் சாக்கட்டியால் எழுதுவோம். எவரேனும் விடுபட்டால் ‘எக்ஸ்’ என்று குறிப்போம். வாய்க்காலுக்கு அப்பால் உள்ள பஸ்தியில் கதவுக்குக் கதவு ‘எக்ஸ்’ என்றே இருந்தது. அங்கு வாழ்வோர் யாவர்? நம் இல்லங்களில் பாத்திரம் துலக்கும் பெண்கள், நம் தொழிற்சாலையில் ஒப்பந்தக் கூலிகளாக உழைக்கும் ஆடவர், தறியும் தையலும் செய்து பிழைக்கும் இசுலாமியக் குடும்பத்தினர். இவர்கள் அறியாமையில் மூழ்கியவர்கள் என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டோம். எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டோம்!

2003-ஆம் ஆண்டின் மழைக்காலம் முடிந்த சமயம். அப்பஸ்தியில் ஒரு தாய் கதவைப் பாதி திறந்து நின்றாள். இடுப்பில் ஒன்று, முந்தானையைப் பற்றியபடி ஒன்று என இரு பிள்ளைகள். “பஹன்ஜி, சென்ற மாதம் இவனுக்கு வயிற்றுப்போக்கு. மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றேன். நாள் முழுதும் காத்திருந்தும் பார்ப்பார் இல்லை. எங்கள் தெருவில் சாக்கடை தேங்கிக் கிடக்கிறது; அள்ளுவார் இல்லை. இந்த இரண்டு சொட்டு மட்டும் மாதந்தோறும் கதவைத் தட்டி வருகிறதே, அது ஏன்?” என்று கேட்டாள். நான் விடை காணாது நின்றேன். அவள் மேலும் ஒன்று கேட்டாள். “உங்கள் காலனிப் பிள்ளைகளுக்கும் இதே குப்பியிலிருந்துதான் கொடுக்கின்றீர்களா?”

“ஆம்” என்றேன். அவள் என் முகத்தைச் சிறிது நேரம் நோக்கினாள். பின்னர்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்பெண்ணின் கேள்விகளை அறியாமை என்று எவரேனும் சொல்லக்கூடுமா? இவ்வட்டாரத்தின் வரலாற்றை அறிந்தோர் சொல்லார். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 ஆகிய ஓராண்டில், நாடெங்கும் 80 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் செய்யப்பட்டன. வற்புறுத்தியும் அச்சுறுத்தியும் செய்யப்பட்டவை எண்ணற்றவை. இங்கிருந்து தொலைவில் இல்லாத முசாபர்நகரில் 1976 அக்டோபரில் அதனை எதிர்த்த மக்கள் மீது துப்பாக்கிச் சூடும் நடந்தது. அன்று அஞ்சி வயலுக்குள் ஒளிந்தவர்களின் பிள்ளைகளே 2002-ல் பெற்றோராய் இருந்தனர். ஆகவே, சொட்டு மருந்து பிள்ளைகளை மலடாக்கும் என்ற வதந்தி பரவியபோது, அது வெறும் காற்றில் முளைக்கவில்லை. அரசே முன்னர் விதைத்த அச்சம் என்னும் நிலத்தில் முளைத்தது. மருந்து நல்ல மருந்து; வதந்தி பொய்; இவ்விரண்டும் உண்மை. ஆயினும் ஒரு துறையில் அரசு இழந்த நம்பிக்கைக்கு மற்றொரு துறை விலை கொடுத்தது என்பதும் உண்மையே.

மற்றொன்றும் நோக்குக. ஏன் மாதந்தோறும் மருந்து என்ற கேள்விக்கு அறிவியல் விடை இருந்தது. நெருக்கமான குடியிருப்பும், மாசுபட்ட நீரும், ஓயாத வயிற்றுப்போக்கும் உள்ள இவ்விடங்களில், வாய்வழி மருந்து குழந்தையின் குடலில் எளிதில் வேர்கொள்வதில்லை. பிற மாநிலங்களில் சில முறை கொடுத்தால் போதுவது, இங்குப் பல முறை கொடுத்தால்தான் பயன்படும். அதாவது, அப்பெண் சுட்டிய சாக்கடைக்கும் அவள் கேட்ட கேள்விக்கும் நேரடித் தொடர்பு இருந்தது! அதனை அவளுக்கு எவரும் எடுத்துரைக்கவில்லை. எங்களுக்கே எவரும் உரைக்கவில்லை.

அக்காலத்தில்தான் ஒரு மாறுதல் வந்தது. உலகக் குழந்தைகள் நிதியமான யுனிசெஃப் அமைப்பும் பிறரும் சேர்ந்து, அந்தந்தப் பஸ்தியைச் சேர்ந்த பெண்களையே மக்களிடம் பேசும் பணிக்கு அமர்த்தினர். ஆயிரக்கணக்கான பெண்கள் இவ்வாறு பயிற்சி பெற்றனர். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா இசுலாமியா, ஜாமியா ஹம்தர்த் ஆகிய கல்வி நிலையங்கள் துணைக்கு வந்தன. மசூதிகளிலிருந்து அறிவிப்புகள் ஒலித்தன. மேலிருந்து வந்த ஆணை, பக்கத்து வீட்டுப் பெண்ணின் பேச்சாக மாறிற்று. வள்ளுவர் கூறிய நான்காமவர் வந்து சேர்ந்தார் என்று சொல்லலாம்.

எங்கள் பகுதிக்கு வந்தவள் அப்பஸ்தியிலேயே பிறந்து வளர்ந்த இளம்பெண். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். வீடுதோறும் எத்தனை பிள்ளைகள், யார் கருவுற்றிருக்கின்றார், யார் சொந்த ஊர் சென்றிருக்கின்றார் என்றெல்லாம் ஒரு தடித்த பதிவேட்டில் எழுதி வைத்திருந்தாள். ஒருநாள் அவள் எங்கள் குடியிருப்பின் கணக்கைப் பார்த்தாள். எல்லா வீட்டிற்கும் ‘பி’ என்றே இருந்தது. “தீதி, இங்கே பிள்ளைகளின் விரலைப் பார்த்துத்தான் எழுதினீர்களா?” என்று கேட்டாள்.

அன்பர்களே, நாங்கள் பார்க்கவில்லை. இதுவே நான் சொல்ல வந்த பிழை. நம்மவர் வீடு, படித்தவர் வீடு, அழைப்பு மணியை அழுத்தித் தொல்லை தருவானேன் என்று எண்ணிக் கதவில் ‘பி’ என்று எழுதி நகர்ந்தோம். அவள் சினம் கொள்ளவில்லை. “எங்கள் பஸ்தியில் ஒவ்வொரு பிள்ளையின் விரலையும் திருப்பிப் பார்க்கின்றீர்கள். இங்கே பார்ப்பதில்லை. அவர்களும் இதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கின்றார்கள்? உங்கள் வீடுகளில் வேலை செய்பவர்கள் அவர்கள்தாமே?” என்றாள்.

அன்று மாலை அவளை உடன் அழைத்துக்கொண்டு நம் குடியிருப்பின் வீடுகளில் ஏறி இறங்கினேன். என் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். மருந்து உண்ணாத பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருந்தனர். “எங்கள் குழந்தைக்குத் தனி மருத்துவர் எல்லாத் தடுப்பூசியும் போட்டுவிட்டார், இது ஏழைகளுக்கு உரியது அல்லவா?” என்றார் ஒருவர். “தெருவோரம் வைத்துக் கொடுக்கும் மருந்தை நம்பலாமா?” என்றார் மற்றொருவர். அவ்விருவரும் நம் சங்கத்து உறுப்பினர்கள். அவ்வீடுகளில் பாத்திரம் துலக்கும் பெண் இச்சொற்களைக் கேட்டுக்கொண்டே இருந்திருப்பாள். மாலையில் பஸ்திக்குத் திரும்பித் தன் அண்டை வீட்டாரிடம் சொல்லியும் இருப்பாள். காலனிப் பிள்ளைகளுக்கும் இதே குப்பியிலிருந்துதானா என்று அந்தத் தாய் கேட்ட கேள்வியின் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. விடை அவளுக்கு முன்னரே தெரியும். நான் பொய் சொல்கின்றேனா என்பதை மட்டுமே அவள் பார்த்தாள்.

அடுத்த சுற்றில் ஒரு முறையை மாற்றினோம். மேசையை மதிலுக்கு உள்ளே போடாமல், வாயிலுக்கு வெளியே, பஸ்திக்குச் செல்லும் வழியில் போட்டோம். நம் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்றனர். குப்பியின் மேல் ஒட்டியுள்ள சிறு அடையாளத்தை, அதாவது வட்டத்திற்குள் இருக்கும் வெண்சதுரத்தை, தாய்மார்களிடம் காட்டினோம். வெப்பத்தால் மருந்து கெட்டிருந்தால் அச்சதுரம் கருக்கும் என்று விளக்கினோம். எந்தக் குப்பியிலிருந்து யாருக்குக் கொடுக்கின்றோம் என்பதை எல்லாரும் கண்ணால் கண்டனர். அந்தத் தாய் முதல் சுற்றில் வரவில்லை. இரண்டாம் சுற்றிலும் வரவில்லை. மூன்றாம் சுற்றில் வந்தாள். ஒன்றும் பேசாமல் பிள்ளையின் வாயைத் திறந்து காட்டினாள்.

அரசும் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டது. 2009-ல் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் நோய் வேரூன்றியிருந்த 107 வட்டாரங்களைத் தெரிந்தெடுத்து, சொட்டு மருந்தோடு தூய நீர், கழிப்பறை, வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல், தாய்ப்பால் ஆகியவற்றிற்கும் சேர்த்து முயற்சி எடுத்தது. சாக்கடையைப் பற்றிக் கேட்ட தாய்மாருக்கு அரசு அளித்த விடை என்றே அதனை நான் கொள்கின்றேன். 2010 ஜனவரியில் மேலும் வலிவுள்ள புதிய மருந்து வந்தது. செங்கற்சூளைகளிலும் கட்டடப் பணியிடங்களிலும் தங்கும் பிற மாநிலக் கூலிகளின் பிள்ளைகளைத் தனிப் பட்டியலிட்டனர். இரயில் நிலையங்களிலும் ஓடும் வண்டிகளிலும் மருந்து கொடுத்தனர். 2009-ல் 741 ஆக இருந்த நோயாளிகளின் தொகை 2010-ல் 42 ஆகவும், 2011-ல் ஒன்றே ஒன்றாகவும் குறைந்தது. அந்த ஒன்று, 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்து ஹௌரா மாவட்டத்தில் நோயுற்ற ஒரு பெண் குழந்தை. அதன் பின் இந்நாட்டில் இயற்கைப் போலியோக் கிருமியால் எவரும் முடங்கவில்லை. 2014 மார்ச் 27 அன்று இந்தியா உள்ளிட்ட தென்கிழக்காசியப் பகுதி போலியோ நீங்கியதாகச் சான்றளிக்கப்பெற்றது.

அன்றிரவு என் தம்பியைத் தொலைபேசியில் அழைத்துச் செய்தியைச் சொன்னேன். அவன் ஊரில் தையற்கடை வைத்திருந்தவன். கைத்தடி ஊன்றியே வாழ்ந்தவன். சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு, “இனி யாருக்கும் வராதா, அக்கா?” என்று கேட்டான். வராது என்று சொல்ல என் நா எழவில்லை. அந்தத் தாயிடம் ஒருமுறை ஆராயாமல் “ஆம்” என்று சொன்னவள் அல்லவா நான்! “வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்” என்றேன்.

பெரியோர்களே! இதிலிருந்து நான் கற்றவை சிலவே. எல்லார்க்கும் ஒன்றாக இல்லாத கொள்கையை எவரும் நம்புவதில்லை. கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல் நம் செய்தியையே மீண்டும் மீண்டும் முழங்கினால், ஒலி பெருகும், பயன் பெருகாது. மக்களின் மொழியில், அவர்கள் அறிந்த முகம் சொன்னால்தான் சொல் உள்ளே புகும். எல்லாவற்றிற்கும் மேலாக, கதவில் எழுதும் கணக்கு மெய்யாக இருத்தல் வேண்டும்.

இவையெல்லாம் முடிந்துபோன கதை என்று கருதிவிடாதீர்கள். 2021-ல் கொரோனாத் தடுப்பூசி வந்தபோது, நம் குடியிருப்பினர் கைப்பேசியில் ஒருவர்க்கொருவர் அனுப்பிக்கொண்ட செய்திகளை நினைவுகூர்ந்து பாருங்கள். ஊசியால் தீங்கு விளையும் என்ற வதந்தியைப் பரப்பியவர் பட்டம் பெற்றவர். அதனை எனக்கு அனுப்பியவர் என் பழைய மாணவர். வதந்திக்கு வாய்க்காலுக்கு இப்பால், அப்பால் என்ற வேற்றுமை இல்லை.

ஆகவே நம் சங்கத்திற்கு இரண்டு வேண்டுகோள்களை வைக்கின்றேன். நம் வட்டாரத்துக் கட்டட வேலைகளுக்குத் தமிழகத்திலிருந்து வரும் தொழிலாளர் குடும்பங்கள் உண்டு. இந்தி அறியாத அவர்களுக்கு, எந்த நாளில் எங்கே தடுப்பு மருந்து கொடுக்கப்படுகிறது என்பதைத் தமிழில் எழுதி அறிவிப்போம். உடன் சென்று காட்டுவோம். நாமும் ஒரு காலத்தில் மொழி அறியாமல் இவ்வூர் நிலையத்தில் வந்து இறங்கியவர்களே. அடுத்து, நம் இல்லங்களில் பணிபுரியும் பெண்களின் பிள்ளைகளுக்கு உரிய தடுப்பு மருந்துகள் கிடைத்துள்ளனவா என்று ஒவ்வொரு குடும்பமும் கேட்டறிதல் வேண்டும். தடுப்பு மருந்து நாளன்று அவர்களுக்கு ஊதியத்தோடு அரைநாள் விடுப்பு அளித்தல் வேண்டும். இவற்றிற்குப் பெருநிதி தேவையில்லை. ஒரு பதிவேடும் சிலருடைய ஞாயிற்றுக்கிழமைகளும் போதும்.

அந்தப் பதிவேட்டின் முதற்பக்கத்தை எழுத நான் ஆயத்தமாக இருக்கின்றேன். அடுத்த ஞாயிறு காலை, பழைய இடத்திலேயே, வாயிலுக்கு வெளியே மேசை போட்டிருப்பேன். வருவோர் வருக!